ஒரே அளவாகக் கெட்ட தையல்

வலது கை ஊசியை இழுக்கிறது. இடது கைப் பெருவிரல் பட்டியின் மடிப்பை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால், பாதியாக முறித்த ஒரு தீக்குச்சி முந்திய குத்திற்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. குச்சி முடிகிற இடத்தில்தான் ஊசி இறங்குகிறது. ரெக்சின் தைக்கிறவன் எவனும் இவ்வளவு அகலமாகக் குத்தமாட்டான். அரிசிச் சாக்கின் வாயை மூடுகிறவன்கூட இதைவிட நெருக்கமாகத் தைப்பான். நூலோ, சட்டைக்குப் பொத்தான் வைக்கிற வெள்ளைப் பருத்தி நூல். விரலில் சுற்றி ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அறுந்துவிடும்.

வேறொருவன் இப்படித் தைத்துக்கொண்டு வந்து காட்டியிருந்தால், இந்தக் கைகளின் சொந்தக்காரர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது தையலா, கோழி கிண்டின வழியா?" என்று கேட்டிருப்பார். பலரிடம் கேட்டும் இருக்கிறார்.

காத்தான்குடியில் அவருக்குப் பெயர் குஷன் பஸ்லான். முச்சக்கரவண்டி, வேன், சலூன் கதிரை என்று மனிதர்கள் எதில் குந்தினாலும் அதற்கு மெத்தையும் உறையும் போடுவது அவருடைய தொழில். கடை பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருக்கிறது. கீழே வேலை நடக்கும். மேல் தட்டில் ரெக்சின் சுருள்கள் கிடக்கும். வருகிறவர்களில் பெரும்பாலானோர் செய்கிற முதல் காரியம், கட்டிக் கிடக்கிற குஷனைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பது. அமத்திவிட்டு, ஏதோ கண்டுபிடித்தவர்கள்போல, "மெத்தெண்டு இரிக்கி" என்பார்கள்.

"பெருவிரலாலயா இரிக்கப் போறீங்க?" என்பார் பஸ்லான்.

மனித குலத்தின் மேல் அவருக்கிருந்த மதிப்பு அந்தப் பெருவிரலோடு முடிந்துவிட்டது என்று சொல்லலாம். மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லது என்று நம்புகிற கூட்டம். மூன்று மாதத்தில் அது அப்பளமாகி, அடிப் பலகை முதுகெலும்பைத் தட்டும்போது, விதியையும் வீதியையும் திட்டுகிற கூட்டம்.

அவருக்கு யாரும் தொழில் படிப்பிக்கவில்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு பஸ் சீட் கடையில் குப்பை கூட்டப் போனவர், வீசிய பழைய சீட்டுகளைப் பின்வளவில் வைத்துப் பிளந்து பார்த்து, யார் எங்கே களவு செய்திருக்கிறான் என்று கண்டு, அந்தக் களவுகளைச் செய்யாமல் விடுவதையே தொழிலாக்கிக்கொண்டவர். இதை அவர் எல்லோரிடமும் சொல்லித் திரிவார். அது அவ்வளவு அழகான பழக்கமல்ல. கட்டாருக்கும் போனார். அங்கே கார் சீட்டுக்குத் தையல் போடாமல், கடதாசிக்கு அடிக்கிற கம்பி ஊசி அடித்தார்கள். "அது தொழிலில்ல, கடதாசி கட்டுறது" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே திரும்பிவந்தார். ஊரில் அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை.

அவருடைய மனைவி ஸஹ்ரா சொல்வது வேறு கதை. "பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு இவரு என்னப் பாக்கல்ல. எங்கட வாப்பா வாங்கி வெச்ச சோபாவப் பிரட்டி அடியத்தான் பாத்தாரு. பாத்திட்டு, 'ஆணி அடிச்சிரிக்கி' எண்டாரு. அதுதான் எங்கட ஊட்டுல இவரு பேசின முதல் பேச்சு." அந்த வீட்டிற்கே அவர் மாப்பிள்ளையாக வந்து குடியேறினார். சோபாவை முதல் வாரமே பிரித்துக் கட்டினார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குஷனையும் தான் இருந்து பார்க்காமல் கொடுக்கமாட்டார். வேலை முடிந்ததும் அதன் மேல் குந்துவார். கண்ணை மூடி, இடப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் சாய்வார், ஒருமுறை எழும்பித் தொப்பென்று விழுவார். பிறகு, "கொண்டு போங்க" என்பார். வாடிக்கையாளர் அவ்வளவு நேரமும் கைகட்டி நிற்கவேண்டும். அப்படிக் கொண்டுபோன எதுவும் பிழையென்று திரும்பி வந்ததில்லை. பஸ்லானின் தலைக்கனத்துக்கு அத்திவாரம் அதுதான். அந்த அத்திவாரத்தை அசைத்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

அழைத்தவர் பிரஷாந்தி டீச்சர். ஊர் களுதாவளை. காத்தான்குடிப் பக்கத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவர். மாகாண விஞ்ஞானப் பொருட்காட்சி வந்துகொண்டிருந்தது. பொருட்காட்சி என்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீமெந்தில் ஓர் எரிமலை, யோகட் கோப்பையில் ஒரு காற்றாலை, அதிதிகளுக்கு மாலை, விஞ்ஞானத்தைவிட நீளமான வரவேற்பு நடனம். டீச்சருக்கு எரிமலை என்றால் குமட்டும். அவருடைய மாணவிகள் உண்மையான பரிசோதனை ஒன்று செய்ய இருந்தார்கள். மேல் மாடியிலிருந்து ஒரு தகர டப்பாவை விழுத்துவது, டப்பாவுக்குள் இருக்கும் சென்சரால் அது வாங்குகிற அடியை அளப்பது, அந்த அடியைக் குறைத்துக் காட்டுவது.

"காக்கா, கணத்தாக்குப் பரிசோதனைக்கு ஒரு பெட்டி வேணும்," என்றார் டீச்சர் தொலைபேசியில், ஊர் வழக்கப்படி அண்ணனைக் காக்காவாக்கி. "மேல இருந்து விழுற சாமான அது வாங்கிப் பிடிக்கோணும்."

"விளங்கிட்டு டீச்சர்," என்றார் பஸ்லான்.

அவருக்கு விளங்கியபடியே செய்தார். தேக்குச் சட்டம், மூலைக்கு மூலை இரும்புத் தகடு, அடியில் லொறி ரயர் ரப்பர், அதன்மேல் வேன் சீட்டுக்கு வைக்கிற இறுகிய ஸ்பொஞ், மேலே கறுப்பு ரெக்சின், நைலோன் நூலில் இரட்டைத் தையல். செய்து, அதற்குள் ஏறிக் குந்தி, இரு பக்கமும் சாய்ந்து, தொப்பென்று விழுந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பாடசாலையில் டப்பாவை விழுத்தினார்கள். அது பெட்டிக்குள் விழுந்து, பந்துபோலத் துள்ளி, சுவரில் மோதி, மாணவிகளின் காலடியில் உருண்டுவந்து நின்றது. திறந்தபோது சென்சர் பிளந்து கிடந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை.

அடுத்த நாள் டீச்சர் பெட்டியை ஒரு முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு கடைவாசலில் வந்து இறங்கினார்.

"காக்கா, உங்கட பெட்டிக்கு ஒண்டும் நடக்கல்ல."

"நடக்காது டீச்சர்."

"உள்ள விழுந்ததுதான் செத்துப்போச்சு."

"அது விழுந்த சாமான்ட பிழை."

"நான் கணத்தாக்கு எண்டுதானே சொன்னனான்?"

"நானும் கனத்தாக்குக்குத்தானே செஞ்சன். யானை விழுந்தாலும் தாங்கும்."

டீச்சர் வெட்டு மேசையில் கிடந்த சோக்கை எடுத்து, கறுப்பு ரெக்சின் துண்டின் மேல் 'ண' என்று பெரிதாக எழுதினார். பக்கத்தில் 'ன' எழுதி, அதைக் கோடிழுத்து வெட்டிவிட்டார்.

"மூண்டு சுழி, காக்கா. கணம். கண்ண மூடித் திறக்கிற நேரம். பாரம் இல்ல."

எங்கள் வாயில் இந்த இரண்டு எழுத்தும் ஒரே பாயில்தான் படுக்கின்றன. காத்தான்குடியில் மட்டுமல்ல, களுதாவளையிலும் அப்படித்தான். ஆனால் அதை ஒத்துக்கொள்கிற பெருந்தன்மை அந்தக் கடைக்குள் நின்ற இருவருக்கும் இருக்கவில்லை.

"டீச்சர் சொல்லக்குள்ள ரெண்டு சுழிதான் கேட்டிச்சி."

"வாயில சுழி எப்பிடிக் காக்கா தெரியும்?"

"அப்ப என்ட காதுல மட்டும் தெரியோணுமா?"

டீச்சர் சோக்கைக் கீழே வைத்தார். வகுப்பில் மந்தமான பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னார். "மேல இருந்து வாற வேகம் எப்பிடியும் நிண்டுதான் ஆகோணும். சீமெந்துல விழுந்தாலும் நிக்கும், பஞ்சுல விழுந்தாலும் நிக்கும். சீமெந்துல டக்கெண்டு நிக்கும், அதால அடி பெரிசு. நிக்கிற நேரத்த நீட்டினா அடி சின்னன். உங்கட பெட்டி நீட்டவும் இல்ல, நிப்பாட்டவும் இல்ல, திருப்பி எறிஞ்சிருக்கு. எனக்குத் தாங்கிற பெட்டி வேணாம். விட்டுக்குடுக்கிற பெட்டி வேணும்."

"விட்டுக்குடுக்கிற குஷனா?" பஸ்லான் சிரித்தார். "அது பக்கத்துக் கடையில விக்கிறாங்க டீச்சர்."

"கேக்குது மச்சான்!" என்று பக்கத்துக் கடையிலிருந்து குரல் வந்தது.

அது ஷிஹான். மெத்தை, தலையணை, சீட் உறை எல்லாம் விற்பவன். பெருநாள் நெருங்கினால் இரவு பகலாக எட்டி எட்டித் தைத்துத் தள்ளுவான். அவனுடைய தையலுக்குப் பஸ்லான் வைத்த பெயர் 'பெருநாள் தையல்'. பெருநாளுக்குப் போட்டால் அடுத்த பெருநாளைக் காணாது.

போவதற்கு முன் டீச்சர் இன்னொன்றும் சொன்னார். உடைந்த சென்சருக்குப் பதிலாக ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறார். இதுவும் உடைந்தால் பரிசோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார் அதிபர். "பிள்ளைகள் எரிமலை செய்யட்டுமாம், காக்கா."

எரிமலை பஸ்லானுக்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் அந்தப் பெட்டி கடைவாசலில் கிடந்தது. அவருடைய கையால் போய், பிழையென்று திரும்பி வந்த முதல் சாமான். ஷிஹான் பின்னேரங்களில் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதன்மேல்தான் குந்தினான்.

"இரிக்க நல்லாரிக்கி மச்சான்," என்பான். "விழத்தான் ஏலா."

ஒழுங்கையில் போகிறவர்களுக்கெல்லாம் அதன் வரலாற்றையும் அவனே சொன்னான். அடுத்த வேலையும் திரும்பி வந்தால், இந்தக் கடையில் பெருவிரலைப் பற்றிப் பேச இனி தனக்கு வாயில்லை என்பது பஸ்லானுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் ஸ்பொஞ்சைத்தான் நினைத்தார், நினைத்த உடனேயே காறித் துப்பினார். மெல்லிய ஸ்பொஞ் முதலில் குழையும், பிறகு அடி தட்டும். அடி தட்டினால் அதற்குக் கீழே இருப்பது சீமெந்துதான். தடித்த ஸ்பொஞ் திருப்பி எறியும். தென்னந்தும்பு இறுகிவிடும். சுருள் கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்த அத்தனை பொருளும் ஒன்றில் கோழையாக இருந்தது, இல்லையென்றால் முரடாக இருந்தது.

அந்த நாட்களில்தான் வினாயகமூர்த்தி வந்தான். களுதாவளை முச்சக்கரவண்டிக்காரன். ஆள் ஒரு நெல் மூட்டைக்குக் கை கால் முளைத்த மாதிரி. மலிவென்று ஷிஹானிடம் சீட் கட்டியவன். அந்த சீட்டின் அடியைத் தாங்குகிற பட்டிகளை ஷிஹான் சட்டத்தில் இறுக்கவில்லை, மடித்துத் தைத்து மட்டும் விட்டிருந்தான். இப்போது சீட் வண்டிக்குள் இறங்கி அடித்தட்டில் கிடந்தது.

"குழியொண்டுக்குள்ள இறங்கிட்டன் காக்கா. நல்ல ஆழம். முன் சில்லு வளைஞ்சிட்டு."

"முதுகு?"

"அதுதான் சொல்ல வந்தன். சர்ர்ர் எண்டு ஒரு சத்தம். யாரோ கையப் பிடிச்சி மெதுவா இருத்திவிட்ட மாதிரி. முதுகு துப்பரவா நோகல்ல. மறுகா பாத்தா சீட்டு நிலத்துல கிடக்கு."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்லான் சிரிக்கவில்லை. சீட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பட்டியைப் பிரித்துப் பார்த்தார். தையல் ஒரேயடியாகப் பிய்ந்திருக்கவில்லை. முதல் குத்து அறுந்து, அதன் பாரத்தை இரண்டாவது வாங்கி, அது அறுந்து, மூன்றாவது வாங்கி, இப்படியே கடைசிவரைக்கும் போயிருந்தது. ஒவ்வொரு குத்தும் சாகுமுன் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரங்களெல்லாம் சேர்ந்துதான் வினாயகமூர்த்தியின் முதுகெலும்பைக் காப்பாற்றியிருக்கின்றன. அவர் கட்டிய சீட்டாக இருந்திருந்தால் சீட் அப்படியே இருந்திருக்கும், முதுகுதான் போயிருக்கும்.

இதை விளங்கிக்கொண்டதில் அவருக்குச் சந்தோசமொன்றும் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் இழிவென்று சொல்லிவந்த ஒன்று வேலை செய்திருக்கிறது. அதுவும் ஷிஹானின் கையால், ஷிஹானுக்கே தெரியாமல்.

மறுநாள் காலை அவர் பக்கத்துக் கடைக்குப் போனார். அந்தப் படியில் அவர் கால் வைத்ததை யாரும் பார்த்ததில்லை.

"என்ன மச்சான், நூல் முடிஞ்சிட்டா? நைலோன் என்னட்ட இல்லியே."

"நைலோன் வேணா. நீ சீட்டுக்குத் தைக்கிற நூல் தா."

"எது?"

"அறுந்து போறது."

ஷிஹானின் முகம் சுருங்கியது. "என்ட நூல் அறாது மச்சான்."

"அறும். அத நம்பித்தான் வந்தன்."

ஒரு மரச்சட்டம் அடித்தார். அதற்கு நடுவில், ஏணைபோலத் தொங்குகிற ஒரு கன்வஸ் துணி. துணியின் நான்கு மூலையையும் நான்கு பட்டிகள் சட்டத்தோடு கட்டியிருந்தன. ஒவ்வொரு பட்டியும் மடிப்பு மடிப்பாக மடித்து, அந்தப் பருத்தி நூலால் தைத்தது. டப்பா துணியில் விழுந்தால் தையல்கள் வரிசையாக அறும். மடிப்புகள் ஒவ்வொன்றாக விரியும். துணி நிலத்தைத் தொடுமுன் டப்பாவின் வேகம் தீர்ந்துவிடவேண்டும். அவருடைய கடை மெசின் நைலோனுக்குப் பழகியது, இந்த நூலைப் பார்த்த உடனேயே அறுத்துத் தள்ளியது. கையால்தான் தைக்கவேண்டியிருந்தது.

டப்பாவுக்குள் சென்சருக்குப் பதிலாக ஒரு மின்குமிழை வைத்து, பாரத்துக்கு ஆணிகளைப் போட்டு, மேல் தட்டிலிருந்து விட்டார். மூன்று பட்டி விரிந்தது. நான்காவது அசையவில்லை. துணி ஒரு பக்கம் சரிந்து, டப்பா தரையில் தலைகுப்புற விழுந்தது. குமிழ் நொறுங்கியது.

நான்காவது பட்டியைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு இடத்தில் திரும்பிப் போட்ட தையல், முடிவில் ஒரு முடிச்சு. அவர் போட்டதுதான். போட்டது அவருக்கே தெரியாது. இத்தனை வருடமாக உறுதியாகத் தைத்த கை, எசமான் அசந்த நேரம் பார்த்துத் தன் புத்தியைக் காட்டியிருக்கிறது.

கெட்ட தையல் போடுவது எவனுக்கும் முடியும். ஒரே அளவாகக் கெட்ட தையல் போடுவது வேறு வேலை. ஷிஹானால் அது முடியாது. அவனுடைய கெடுதிக்கு ஒழுங்கு கிடையாது, ஓரிடத்தில் நெருங்கும், ஓரிடத்தில் ஓடும். பஸ்லானாலும் முடியவில்லை, அவருடைய கை நல்லதற்கு ஓடியது. அப்போதுதான் தீக்குச்சியை முறித்தார். கையை நம்பாமல் குச்சியை நம்பினார். திரும்பிப் போடுவதில்லை, முடிச்சில்லை, இறுக்கமில்லை. நான்கு பட்டியும் ஒன்றுக்கொன்று அச்சாக, சமமான கேவலத்தோடு வந்தன.

ஸஹ்ரா சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பட்டியை எட்டிப் பார்த்தாள். "இப்பதான் எல்லாரையும் போலத் தைக்கிறீங்க."

"வாய மூடு."

"நான் நல்லாரிக்கி எண்டுதானே சொன்னன்."

அடுத்த முறை விட்டபோது, சர்ர்ர் என்று ஒரே நீளச் சத்தம். நான்கு பட்டியும் ஒன்றாக விரிந்தன. டப்பா தரைக்கு மேலே தொட்டிலில் கிடக்கிற பிள்ளைபோலக் கிடந்தது. துள்ளவில்லை. குமிழை எடுத்துத் தாங்கியில் போட்டார். எரிந்தது. வாசலில் அந்தப் பெட்டியின் மேல் குந்தியிருந்த ஷிஹான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, அறுந்த தன் நூலைக் கிட்ட வந்து பார்த்தான்.

ஆனால் அந்த நான்கு பட்டியும் முடிந்துபோயின. கொடுப்பதற்குப் புதிதாக நான்கு தைக்கவேண்டும். புதியதை விழுத்திப் பார்த்தால் அதுவும் முடிந்துவிடும். பிறகு இன்னொன்று தைக்கவேண்டும், அதையும் பார்க்கமுடியாது. எத்தனை முறை திருப்பினாலும் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. கொடுக்கிற சாமான், பார்த்திராத சாமானாகத்தான் இருக்கும்.

தீக்குச்சியும் ஊசியுமாக அவருடைய கைகள் கடைசிப் பட்டியில் இருந்தபோது டீச்சர் வந்தார். கக்கத்தில் சுருட்டிய பதாகை. பொருட்காட்சிக்கு அச்சடித்தது. பஸ்லான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, "காட்டுங்க பாப்பம்" என்றார். டீச்சர் விரித்தார். நீல நிறத்தில், தங்கக் கரையோடு, பெரிய எழுத்தில் இருந்தது: கனத்தாக்கு விசையைக் குறைக்கும் அமைப்பு.

பஸ்லானின் விரல் முதல் சொல்லின் 'ன'வின் மேல் போய் நின்றது. "அச்சுக் கடைக்குப் போன்லதானே சொன்னீங்க?"

டீச்சர் பதாகையைப் பார்த்தார். முகம் கறுத்தது. "போன்லதான்," என்றார்.

"மூண்டு சுழி, டீச்சர்."

"சரி காக்கா. போதும்."

கடைசிக் குத்தைப் போட்டு, முடிச்சில்லாமல் நூலை அறுத்து, பட்டியைச் சட்டத்தில் பூட்டினார். டீச்சர் குனிந்து, பெருவிரலால் துணியை அமத்தப் போனார்.

"கைய எடுங்க!"

டீச்சர் கையை எடுத்தார். அவருக்கும் ஊர்க் கதை தெரியும். "நீங்க இருந்து பாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கடையில் தையல் மெசின் நின்றது. ஷிஹான் காது கொடுக்கிறான் என்று விளங்கியது.

"இல்ல," என்றார் பஸ்லான். "பாக்க ஏலா. பாத்தா அண்டையோட முடிஞ்சிது."

"அப்ப சரியா வரும் எண்டு எப்பிடித் தெரியும்?"

மேசையில் கிடந்த பிய்ந்த பட்டிகளை அவர் டீச்சரின் பக்கம் தள்ளினார். "இது விழுத்திப் பாத்தது. அதே நூல், அதே குச்சி. மத்தது எனக்குத் தெரியா டீச்சர். ஒருக்காத்தான் விழுத்தலாம். ரெண்டாந்தரம் போட்டுட்டு என்னட்ட வராதீங்க. விழுத்தினாப் பிறகு அப்பிடியே இஞ்ச திருப்பிக் கொண்டுவாங்க."

"திருப்பியா? உங்கட கடைக்கு?"

"ஓம். நாலு பட்டியும் கடைசிக் குத்து வரைக்கும் பிஞ்சிதான் வரோணும். ஒரு தையல் அறாம வந்திச்சோ, அது என்ட பிழை."

வாசலில் முச்சக்கரவண்டி நின்றது. வினாயகமூர்த்திதான். டீச்சர் கைகளை நீட்டினார். பஸ்லான் சட்டத்தைத் தூக்கினார். பட்டி எதிலும் பாரம் விழாதபடி, இரண்டு உள்ளங்கையாலும் அடிக்கட்டையைத் தாங்கி, படியிறங்கி, டீச்சரின் கைகளும் அதே இடத்தில் அதேபோலத் தாங்கிக்கொண்டன என்று குனிந்து பார்த்த பிறகே தன் கைகளை எடுத்தார்.

"குழியப் பாத்துக் கொண்டு போ," என்றார் வினாயகமூர்த்தியிடம். பிறகு டீச்சரைப் பார்த்து, எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

"கொண்டு போங்க."